ஊராட்சி வரை ஃபைபர், அதற்கப்புறம் பஞ்சாயத்து

எங்கள் வீட்டு ஃபைபர் இணைய இணைப்புக்கு மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இத்தோடு போய் வேலையைப் பார்க்கலாம். வேகத்துக்கு ஐந்தில் நாலரை. இணைப்புக் கொடுத்த விதத்துக்கு நான்கு. விலைக்கு நான்கு. பழுது நீக்குவதற்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வருகிற கேபிள்காரத் தம்பிக்காகப் போட்டது.

ஊராட்சிகளுக்கு அரசு இழுத்துவைத்திருக்கிற கண்ணாடி இழைக் கேபிளிலிருந்து வீட்டுக்கு எடுத்துக் கொடுக்கும் இணைய இணைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊராட்சிக் கட்டடம் வரை அரசுக் கேபிள், அங்கிருந்து வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரர். பதினான்கு மாதமாக வைத்திருக்கிறேன். கேபிள்காரர் பெயரையோ அவருக்கு மேலே இருக்கிறவர்கள் பெயரையோ போடப்போவதில்லை. போட்டால் திட்டு வாங்கப்போவது மேலே இருப்பவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் டவுனில் எட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறேன். அதனால் மாதத்தில் தாக்கலுக்குக் கெடுவான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எனக்கு அமாவாசை மாதிரி. 20 தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி, அதைவிடக் கடைக்காரர் கேட்கிற கேள்வி தனி. இந்த இணைப்பு வருவதற்கு முன் எப்படிச் செய்தேன் தெரியுமா? வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் ஃபோனை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து ஹாட்ஸ்பாட் போடுவேன், கீழே லேப்டாப். ஓடிபி ஃபோனுக்குத்தானே வரும், ஃபோன் மேலே. மகன் மாடியிலிருந்து ஆறு எண்ணையும் கத்திச் சொல்வான், தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் "நாலு ரெண்டு ஏழுன்னான், நீ நாலு ரெண்டு ஒண்ணுன்னு அடிச்சிட்டியோ" என்று வந்து விசாரித்தார். அந்த நிலைமையிலிருந்து வந்தவள் எழுதும் விமர்சனம் இது, அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

இணைப்புக் கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆதார் நகல், கைரேகை, வீட்டில் வைக்கும் மோடம் பெட்டிக்கு 1,500 ரூபாய் முன்பணம். தெருமுனை ஈ.பி. போஸ்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கறுப்பு டிராப் வயரை இழுத்து, சன்னல் ஓரம் துளை போட்டு, நுனியைச் சீவி, கனெக்டர் மாட்டி, ஒரு சின்ன மீட்டரை வைத்து ஒளி எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். மைனஸ் 21 என்று காட்டியது, நல்லா இருக்கு என்றார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். காபி குடித்துவிட்டு, கீழே சிந்திய கண்ணாடித் துணுக்கை அவர்களே டேப்பில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். அந்தக் கவனத்துக்குத்தான் நான்கு மதிப்பெண். ஒரு மதிப்பெண் குறைத்தது வயரைத் தாழ்வாகக் கட்டியதற்கு. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அறுவடைக் காலத்தில் தெரிந்தது.

நான் எடுத்தது 50 எம்பிபிஎஸ், மாதம் 499, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 589. பகலில் சோதித்தால் 46, 48 வரும். ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை, ஊரே சீரியலும் கிரிக்கெட்டுமாக உட்காரும் நேரத்தில், முப்பதுக்கு இறங்கும், அதற்குக் கீழே நான் பார்த்ததில்லை. மாமா ஹாலில் பட்டிமன்றம் பார்க்கிறார், மகன் உள்ளே வகுப்புப் பார்க்கிறான், நான் திண்ணையில் ரிட்டர்ன் போடுகிறேன், யாருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கவில்லை. நம் நாட்டில் 2023 ஜனவரி வரைக்கும் 512 கேபிபிஎஸ், அதாவது அரை எம்பிபிஎஸ் வந்தாலே அதை பிராட்பேண்ட் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்கப்புறம்தான் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று மாற்றினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டில் இருபத்தைந்து பிராட்பேண்ட் ஓடுகிறது.

விலை நியாயம்தான், ஆனால் பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும். கேரளத்தில் 2023 ஜூனில் மாநில அரசின் கேஃபோன் இணையத் திட்டம் தொடங்கியபோது 20 எம்பிபிஎஸ் மாதம் 299-க்குக் கொடுத்தார்கள், ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று ஒரு தொகுதிக்கு நூறு வீடு கணக்கில் ஆரம்பித்தார்கள். ஆந்திராவில் 2017-லேயே மாநில அரசு ஃபைபர்நெட் என்று 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ், டிவி, ஃபோன் மூன்றையும் சேர்த்து அறிவித்தார்கள். ஆரம்ப விலை வேறு, தொடர்ந்து நடத்துவது வேறு என்பதும் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

சரி, இப்போது அந்த ஒன்றரைக்கு வருகிறேன்.

பதினான்கு மாதத்தில் பெரிய பழுது மூன்று முறை. முதலாவது வைக்கோல் பாரம். டிராக்டரில் வீட்டு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள், தாழ்வாகத் தொங்கிய வயர் பாரத்தில் மாட்டி, போஸ்டிலிருந்து பிய்த்துக்கொண்டு அரை ஃபர்லாங் தூரம் வண்டியோடு போய்விட்டது. பெட்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும், அது சிவப்பில் மினுக்கினால் கதை முடிந்தது, ஒளி வரவில்லை என்று அர்த்தம். இந்த வீட்டில் இப்போது நாலு வயசுக் குழந்தைக்கும் அந்த விளக்கு தெரியும். கேபிள்காரருக்கு ஃபோன் போட்டேன், மறுநாள் காலை தம்பி வந்து புது வயர் இழுத்துக் கொடுத்தான், இந்தத் தடவை உயரமாக. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போஸ்டிலிருந்து வீடு வரை அவர்கள் பாடு, அதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது முறைதான் பாடம் படித்தேன். தேதி 18. காலையில் ஊர் முழுக்கச் சிவப்பு விளக்கு. கேபிள்காரருக்கு ஃபோன் போட்டால் "அக்கா, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, மேலேயே வரலை" என்கிறார். பெட்டியில் ஒட்டியிருக்கும் இலவச எண்ணுக்குப் போட்டேன், இருபது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் "உங்கள் இணைப்பு செயல்பாட்டில் உள்ளது" என்றார். கணக்கு உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம், வீட்டுக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. மூன்றாவதாக ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போனேன். அங்கே சொன்னார்கள், கண்மாய்க் கரைப் பக்கம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி, மண்ணுக்கடியில் போன கேபிளை அறுத்துவிட்டதாம். குழாய் அரசுத் திட்டம், கேபிளும் அரசுத் திட்டம். தோண்டிய ஒப்பந்ததாரருக்கு அங்கே கேபிள் போகிறது என்று யாரும் சொல்லவில்லை, கேபிள்காரர்களுக்கு அங்கே தோண்டப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அறுந்த இடத்தில் இரண்டு நுனியையும் வைத்து மெஷினில் உருக்கி ஒட்ட வேண்டும், ஸ்ப்ளைஸ் போடுவது என்பார்கள். அந்த மெஷின் உள்ள வண்டி வேறு ஊரில் நின்றது. மூன்று நாள். 20-ஆம் தேதி பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய், ஒரு கடைக்காரரின் பில் மேசையில் உட்கார்ந்து எட்டு ரிட்டர்னும் போட்டேன்.

இதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 'கால் பிஃபோர் யூ டிக்' என்று 2023 மார்ச்சில் பிரதமர் தொடங்கிவைத்தது. தோண்டப்போகிறவர் இடத்தைப் பதிவு செய்தால், அந்த மண்ணுக்கடியில் யாருடைய கேபிள், குழாய் இருக்கிறதோ அவர்களுக்குத் தகவல் போகும். நல்ல யோசனை, உண்மையாகவே நல்ல யோசனை. ஆனால் கண்மாய்க் கரையில் ஜேசிபி ஓட்டுகிறவர் கையில் இருக்கும் ஃபோனில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மூன்றாவது முறை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வாரமாகத் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இணைப்புப் போகும், காலை பத்து மணிக்குத் தானாக வரும். கேபிள்காரர் வயரை மாற்றினார், கனெக்டரை மாற்றினார், பெட்டியையே மாற்றினார். கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான். ஊராட்சிக் கட்டடத்தில் கருவிகள் இருக்கும் அறைக்கு, பூட்டும்போது யாரோ ஒரு நல்ல மனிதர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார், கரண்ட் வீணாகிறதாம். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு அதுவும் படுத்துவிடும். சரி, அறையைத் திறந்து போடச் சொல்லலாம் என்றால் சாவி யாரிடம்? எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் போய்விட்டது. முன்பு தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம், இப்போது யார் கதவு என்று தெரியவில்லை. மெயின் சுவிட்சுக்கு மேலே "அணைக்காதீர்" என்று சிவப்பு மையில் ஒரு காகிதம் ஒட்டினோம். நான் எழுதியது, மகன் ஒட்டியது. அதற்கப்புறம் அந்தப் பிரச்சினை வரவே இல்லை. ஆயிரக்கணக்கான கோடித் திட்டத்தில் எங்கள் வீட்டின் பங்கு ஒரு ஏ4 காகிதம்.

இதில் எந்த ஒரு அலுவலகத்தையும் கைகாட்டித் திட்ட முடியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒருவர் தப்பு செய்திருந்தால் ஒரு மனு எழுதி முடித்திருப்பேன். இங்கே எல்லாரும் அவரவர் துண்டைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், துண்டும் துண்டும் சேருகிற இடம் மட்டும் அனாதை.

கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் (ஆப்பில் பதிவு செய்யாமல்தான்) இந்த வியாதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று ஒப்புதல் கொடுத்தது, இரண்டரை லட்சம் ஊராட்சிக்குக் கேபிள். இதற்கென்று பிபிஎன்எல் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள், ஆனால் கேபிள் போடுவதை பிஎஸ்என்எல், ரயில்டெல், பவர்கிரிட் என்று மூன்று மத்திய அரசு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்புறம் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சியைத் தொடவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. இரண்டாம் கட்டத்தில் சில மாநிலங்களில் மாநில அரசே செய்யும், சிலவற்றில் மத்திய நிறுவனம், சிலவற்றில் தனியார் என்று மூன்று வழி. தமிழ்நாட்டில் மாநில அரசு வழி, அதற்குத்தான் டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம், 12,525 ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ் (ஆயிரம் எம்பிபிஎஸ்) என்பது இலக்கு. அதன் ஒப்பந்தப்புள்ளி 2020-இல் சர்ச்சையாகி, ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே வருகிறது, அது செலவுக்கு நல்லது, ஆனால் கம்பத்தை மாற்றும்போதெல்லாம் கேபிளையும் யாராவது நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் கணக்கெழுதுகிறவள் புத்தியில் ஒரு கேள்வி வந்தது. ஃபோன் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும், 2002-இலிருந்து நடக்கிறது, கிராமத்துக்கும் ஃபோன், இணையம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதாவது தண்ணீர்த் தொட்டிமேல் ஃபோனை வைத்து ரீசார்ஜ் போட்ட காலத்திலும் இந்தக் கேபிளுக்கு நானும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் இதையெல்லாம் திருத்தி 1,39,579 கோடி ரூபாய்க்குப் புதுத் திட்டம் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, கேபிளை வளையமாக மாற்றுவது. இதுவரை பெரும்பாலும் ஒரே கோடாகப் போனது, நடுவில் அறுந்தால் அதற்கு அப்புறம் உள்ள ஊருக்கெல்லாம் இருட்டு. வளையம் என்றால் மதுரையில் மாசி வீதி மாதிரி, ஒரு பக்கம் தேர் நின்றால் அடுத்த பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். அந்தக் கண்மாய்க் கரை வெட்டு அப்படிப்பட்ட வளையத்தில் நடந்திருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். இன்னொன்று, பத்து வருடப் பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே சேர்த்திருப்பதும் அதற்கெல்லாம் பிஎஸ்என்எல்தான் பொறுப்பு என்று ஒரே இடத்தைக் காட்டியிருப்பதும். வீட்டு இணைப்புக்கு உள்ளூர் ஆட்களை வருமானப் பங்குக்குச் சேர்க்கிறார்கள், ஒன்றரைக் கோடி கிராமத்து வீடு இலக்கு. இதெல்லாம் காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறேன், எங்கள் தெருமுனைக்கு இன்னும் வளையம் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. எங்கள் தெருவில் ஊராட்சிக் கட்டடத்துக்கு ஒரு கேபிள், அதற்கு எதிரே பள்ளிக்கூடத்துக்குத் தனியாக வேறு ஒரு இணைப்பு, நாலு வீடு தள்ளி ரேஷன் கடையில் கைரேகை மெஷினுக்கு சிம் கார்டு. அந்த சிம் இழுக்காத நாளில் கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார், பாமாயில் வாங்க வந்தவர்கள் வெயிலில் நின்று விரல் வைப்பார்கள். முப்பது அடியில் 1 ஜிபிபிஎஸ் கேபிள் கண்ணாடி மாதிரிச் சும்மா தொங்குகிறது. கண்ணாடியேதான். கேட்டால் அது வேறு துறை, இது வேறு துறை.

திருட்டுக் கதையும் உண்டு, எங்கள் ஊரில் இல்லை. சில மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பே வந்தது, இந்தக் கேபிளில் உலோகம் எதுவும் கிடையாது, விற்றால் காசு வராது, வெட்டாதீர்கள் என்று. செம்பு என்று நினைத்து வெட்டியவன் கண்ணாடி நூலைப் பார்த்து என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் வைஃபை வைக்கலாம் என்று 2020 டிசம்பரில் பிஎம் வாணி என்று ஒரு திட்டம் வந்தது, பழைய எஸ்டிடி பூத் மாதிரி, லைசென்ஸ் வேண்டாம், கடைக்காரரே நடத்தலாம். எங்கள் டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "அது போனா யாருக்கும்மா ஃபோன் போடணும்?" என்றார். என் பதினான்கு மாத அனுபவத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்குள் சிக்னல் இல்லாத ஊர் என்றால் யோசிக்காமல் எடுங்கள், இந்த வேகம் இந்த விலைக்கு எங்கள் பக்கத்தில் வேறு கிடையாது. எடுக்கும்போதே டிராப் வயரை உயரமாகக் கட்டச் சொல்லுங்கள், நின்று பாருங்கள், வைக்கோல் பாரத்தின் உயரத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள். பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், கரண்ட் போனாலும் ஓடும், ஊராட்சி அறையில் கரண்ட் இருக்கும் வரை. முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள், நான் கேட்கவில்லை. ஊராட்சி அறைச் சாவி யாரிடம் என்று இன்றைக்கே விசாரித்து ஃபோனில் பெயரோடு பதிந்துகொள்ளுங்கள். என்னை மாதிரித் தேதி வைத்து வேலை பார்க்கிறவர்கள் ஒரு சிம்மில் டேட்டா போட்டுத் தயாராக வைத்திருங்கள், அந்தத் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட வேண்டாம்.

அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார் கேபிள்காரர். மூன்று மாதத்துக்குக் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.